குப்பியில் ஒற்றை மீன்

எங்கள் தெருவில் மீன் என்று வாய்விட்டுச் சொன்னாலே வாய் கொப்பளிக்கிறவர்கள் இருந்தார்கள். அந்தத் தெருவில், கோயில் கொடிமரத்தைப் பார்த்த வீட்டில், கூடத்து நடுவில் நான் மீன் வளர்த்தேன். இப்போதும் வளர்க்கிறேன். இதில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். மன்னிப்புக் கேட்பதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை.

பாலக்காட்டில் ஆற்றை ஒட்டிய தமிழ்த் தெருக்களில் ஒன்று எங்களுடையது. முன்வாசலில் நின்றால் கோயில், கொல்லைப்படியில் இறங்கினால் ஆறு. அந்த ஆற்று மீனுக்குப் பொரி போட்டால் புண்ணியம். சிராத்தம் முடிந்து பிண்டத்தைக் கரைக்கும்போது மீன் ஓடிவந்து கொத்தினால், பித்ருக்களுக்குத் திருப்தி என்று எல்லார் முகமும் மலரும். குளிக்க இறங்கினால் அதே மீன்கள் காலைக் கடிக்கும். அதற்காக ஒருவரும் இன்னொரு முழுக்குப் போட்டதில்லை. ஆற்றில் இருக்கிறவரை தெய்வம், படியேறி வீட்டுக்குள் வந்தால் தீட்டா? இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை. "நோக்கு வாய் ஜாஸ்தியாக்கும்" என்று சொன்னவர்கள்தான் உண்டு.

மீன் வந்த கதைக்கு முன்னால் நான் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தது மறையூருக்கும் மேலே ஒரு தேயிலை எஸ்டேட் குமாஸ்தாவுக்கு. பெரிய யுத்தம் முடிந்த சமயம். பொள்ளாச்சி வரை ரயில், உடுமலைப்பேட்டை வழியாக மாட்டுவண்டி, அதற்கப்புறம் மலை, பனி, அட்டை. மேலே துரை பங்களா, கீழே கொழுந்து பறிக்கிறவர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்கள், நடுவில் தன்னந்தனியாக எங்கள் வீடு. "நம்மவா" என்று சொல்லிக்கொள்ள அந்த மலையில் இன்னொரு குடும்பம் கிடையாது. அவர் காலையில் ஆபீஸுக்குப் போவார். சாயங்காலம் வருவார், குளிப்பார், சந்தி பண்ணுவார், சாப்பிடுவார், படுப்பார். இதற்கு நடுவில் என்னிடம் பேசுவது ரசத்தைப் பற்றி மட்டும். உப்பு சரியாக இருந்தால் அதுவும் இல்லை.

அவர் என்னை அடித்ததில்லை. குடித்ததில்லை. சத்தம்கூடப் போட்டதில்லை. ஊரில் எல்லோரும் அவருக்குக் கொடுத்த நற்சான்று இதுதான். அடிக்காத, குடிக்காத புருஷனைப் பற்றிக் குறை சொல்ல ஒரு பெண்ணுக்கு வார்த்தையே கிடையாது என்பதை நான் அந்த மலையில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு மழைநாளில் எங்கள் பின்வேலியில் ஒருத்தி வந்து நின்றாள். கூடை முதுகில், தலையில் கம்பளி. "யம்மா, இத்துணூண்டு உப்பு இருந்தாத் தாங்கம்மா. மழையில எல்லாம் கரைஞ்சி போச்சி" என்றாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. உப்பு கொடுத்தேன். மறுநாளும் வந்தாள், உப்புக்காக இல்லை, சும்மா. அவளோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நாலைந்து நாளில் "அம்மா" போய் "அக்கா" ஆனேன். அவர்கள் கங்காணியைப் போல நடந்து காட்டினால் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். மத்தியானச் சாப்பாடு எனக்கு ருசித்தது அந்த நாட்களில்தான்.

இது எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. "குமாஸ்தாவாத்துப் பொம்மனாட்டி லயத்துக்காராளோட வேலியில நின்னுண்டு பேசறது மரியாதையில்லை" என்றார், மெதுவாகத்தான். மறுநாள் தோட்டக்காவலாள் வந்து வேலியில் இருந்த இடைவெளியை முள்வெட்டிப் போட்டு அடைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் நான் மத்தியானங்களில் சாப்பிடவில்லை. அடுக்களை மூலையில், ஜன்னலை ஒட்டி நிற்பேன். பனி வந்து ஜன்னலை மூடும், விலகும், மறுபடி மூடும். ஒருநாள் குரல் இருக்கிறதா என்று பார்க்க அடுப்பிடம் சத்தமாகப் பேசிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கே என்மேல் பயம் வந்துவிட்டது.

அப்பாவின் சிராத்தத்துக்கு ஊருக்கு வந்தவள், திரும்பிப் போகவில்லை. முதலில் உடம்பு சரியில்லை என்றேன். பிறகு மழை, மலைப்பாதை இடிந்திருக்கிறது என்றேன். பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டேன். அப்பாவும் அம்மாவும் போய்விட்ட அந்த வீட்டில் அண்ணாவும் மன்னியும்தான் இருந்தார்கள். அண்ணாவுக்கு ரயில்வேயில் தந்தி வேலை. நாளெல்லாம் டக்டக் என்று ஊரார் சமாசாரத்தைத் தட்டிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் பேச அவனிடம் மிச்சம் இருக்காது. என்னை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மன்னி அப்படி இல்லை. என்னைவிடப் பத்து வயது பெரியவள். சுத்தத்தில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவிலேயே ஆள் கிடையாது. கிணற்றுக் கயிற்றைக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் இறைப்பாள். கயிற்றைக் கழுவத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கோபம் வரும். நான் கேட்பேன்.

கோடையில் ஒரு காலைநேரம், ஆறு மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. குடிக்கிற ஜலம் எடுக்கக் குடத்தை முக்கினேன். நிமிர்த்திப் பார்த்தால் உள்ளே ஒரு கூட்டமே இருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பொடிமீன்கள். மன்னி மேல்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஐயையோ, கொட்டு! ஆத்துலயே கொட்டிட்டுக் குடத்தைப் புளி போட்டுத் தேய்!"

கொட்டத்தான் சாய்த்தேன். குடத்து வாயில் வெயில் விழுந்தது. உள்ளே அத்தனை மீனும் சேர்ந்தாற்போல் ஒரு பக்கம் திரும்பின. குடத்தை நிமிர்த்தினேன், சேர்ந்தாற்போல் மறுபக்கம் திரும்பின. ஒன்றுகூடப் பின்தங்கவில்லை, ஒன்றுகூட முந்தவில்லை. அந்த இருட்டுக் குடத்துக்குள் ஒன்றையொன்று விடாமல் அவை நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்குக் கொட்டக் கை வரவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மன்னியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

வைக்க ஒரு இடம் வேண்டுமே. தந்தி மிஷினுக்கு மின்சாரம் தருவதற்கு ஸ்டேஷனில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய சதுரக் கண்ணாடித் தொட்டிகள் வைத்திருப்பார்கள். விளிம்பு உடைந்த பெரிய தொட்டி ஒன்றைக் கழித்துப் போட்டபோது அண்ணா அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான், மன்னி உப்புமாங்காய் போட்டு வைக்கட்டும் என்று. மன்னி அதை அடுக்களை வாசலைத் தாண்ட விடவில்லை. "எவன் தொட்டதோ, என்ன மருந்தோ" என்று மாட்டுக்கொட்டிலுக்கு அனுப்பிவிட்டாள். வைக்கோலுக்கு அடியில் கிடந்த அந்தத் தொட்டியை இழுத்து, ஆற்றில் வைத்து மணல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மறுபடி தேய்த்தேன். அடியில் ஆற்று மணல், ஒரு கை பாசிக்கொடி, மேலே ஆற்று ஜலம். அதுவரை மீன்கள் குடத்திலேயே இருந்தன. மன்னி அன்று முழுக்க அந்தக் குடத்துக்கு இரண்டு கஜம் தள்ளியே நடந்தாள்.

தொட்டியில் விட்டதும் மீன்கள் கொடிக்கு அடியில் ஒடுங்கின. சாயங்கால வெயில் கூடத்தில் விழுந்தபோது ஒவ்வொன்றாக அல்ல, ஒரே கூட்டமாக வெளியே வந்தன. அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வெள்ளி உடம்பு. கண்ணிலிருந்து வால் வரை மையிட்டாற்போல் ஒரு கறுப்புக் கோடு. திரும்பும்போது அத்தனை கோடுகளும் சேர்ந்து திரும்பும்.

பேர் என்ன என்று எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்? படித்துறையில் துணி வெளுக்கிறவளிடம் கேட்டேன். "துப்பலங்கொத்தி" என்றாள். ஆற்றில் யாராவது துப்பினால் ஓடிவந்து கொத்துகிற மீனுக்கு மலையாளத்தில் அதுதான் பேர். வீட்டுக்கு வந்து இதை மன்னியிடம் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்ப்பதற்காகவே சொன்னேன்.

"பேரிலேயே எச்சலா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மீன்களுக்கு நான் சோற்றுப் பருக்கையை நசுக்கிப் போட்டேன். கல்தொட்டியில் சேர்ந்த மழைத்தண்ணீரிலிருந்து கொசுப்புழுவை வடித்துப் போட்டேன். அதற்கும் சண்டை.

"ஜீவஹிம்சைடீ. பிராமணா ஆத்துல பண்ணற காரியமா இது?"

"அதே புழு கொசுவாகிக் கடிச்சா நீங்கோ பட்டுனு அடிச்சுக் கொல்லறேளே மன்னி. அப்போ அது ஜீவன் இல்லையா?"

மன்னி விருட்டென்று அடுக்களைக்குள் போனாள். அன்றைக்கு என் இலையில் மட்டும் அப்பளம் இல்லை. அந்த அப்பளத்தை மன்னியோடு உட்கார்ந்து இட்டது நான்தான்.

தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டு மாமி உப்பு, புளி, அரிவாள்மணை என்று ஏதாவது ஒரு சாக்கில் வருவாள். கூடத்தை ஒரு நோட்டம் விட்டு, மூக்கை முந்தானையால் மூடுவாள். ஒரு நாற்றமும் இல்லை, சத்தியமாக இல்லை. "மீனை வளத்தறதுக்கா ஆம்படையானை விட்டுட்டு வந்தே?" என்று ஒருநாள் நேராகவே கேட்டாள். "இது என்னை உத்துப் பாக்கறது மாமி, அவர் பாத்ததில்லை" என்றேன். மாமி அதற்கப்புறம் ஒரு மாசம் எங்கள் படி ஏறவில்லை. அந்த ஒரு மாசம் நிம்மதியாக இருந்தது.

தெருப் பெரியவர்கள் அண்ணாவைக் கோயில் வாசலில் பிடித்தார்கள். வேதம் சொல்கிற தெருவில் மீனா, உன் தங்கையைக் கண்டித்து வை, முடியாவிட்டால் புக்ககம் அனுப்பு என்றார்கள். அண்ணா வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தான். "நீ என்ன சொன்னே?" என்றேன். "அவ கேக்க மாட்டான்னேன்" என்றான். பிறகு வேலைச்சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு மீனைப் பார்க்க ஆரம்பித்தான். அவன் தினமும் செய்கிற காரியம்தான் அது.

இப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த மூன்று நாள் வந்தது.

மாதா மாதம் பெண்கள் வீட்டுக்கு விலக்காகி உட்காருகிற மூன்று நாள். எங்கள் வீட்டில் அதற்குக் கொல்லைப்பக்கம் ஒரு சின்ன அறை. அங்கிருந்து எதையும் தொடக்கூடாது, யாரையும் தொடக்கூடாது. சோறுகூடத் தள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். அந்த அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் முற்றத்தைத் தாண்டிக் கூடம் தெரியும். கூடத்தில் என் தொட்டியின் ஒரு மூலை தெரியும். போகிற அவசரத்தில் மன்னியிடம், "பருக்கை மட்டும் போடுங்கோ, வேற ஒண்ணும் பண்ணாதீங்கோ" என்று எப்போதும்போல் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

மன்னியால் வேறொன்றும் பண்ணாமல் இருக்க முடியுமா? முதல்நாள் ஜலம் மறுநாள் இருந்தாலே அவளுக்கு அது பழசு. என் தொட்டி ஜலமோ எத்தனையோ நாளாக மாற்றாமல், வற்றினதற்கு மட்டும் ஆற்று ஜலம் சேர்த்துக்கொண்டு வந்தது. அந்த மாசம் கண்ணாடியில் பச்சை படிந்திருந்தது. நான் வெளியே உட்கார்ந்த மறுகாலையில், பாவம், எனக்கு உதவி என்று நினைத்துக்கொண்டு, மீன்களை ஒரு சருவத்தில் அள்ளிப் போட்டாள். ஜலத்தைக் கொட்டினாள். மணலைக் கொட்டினாள், பாசியைக் கொட்டினாள். தொட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கினாள். கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த ஜில்லென்ற ஜலத்தை விளிம்புவரை ஊற்றி, மீன்களை உள்ளே விட்டாள்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "மன்னி, வேண்டாம்! மன்னி!" கூடத்துக்குள் ஓடியிருப்பேன். ஓடியிருந்தால் வீடு முழுக்கத் தீட்டு, அவள் காலையிலிருந்து மடியாகச் செய்த அத்தனை சமையலும் குப்பைக்கு. ஓடவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு அந்த வழக்கத்தின்மேல் ஆத்திரம் தீரவில்லை.

மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாக வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டன. சாம்பல் காரமோ, கிணற்று ஜலத்தின் குளிர்ச்சியோ, எது கொன்றது என்று தெரியாது. மன்னி கையில் பிடிதுணியோடு முற்றத்தில் வந்து நின்றாள். "சுத்தம்தானேடீ பண்ணினேன்" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அன்று அவளை நான் வெறுத்தேன்.

ஒரே ஒரு மீன் பிழைத்தது. எனக்குத் தெரிகிற அந்த மூலையில் வந்து நின்றுகொண்டது. உடம்பு வெளுத்து, கறுப்புக் கோடு இருந்த இடமே தெரியவில்லை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையாமல், கண்ணாடியை ஒட்டி நின்றது. எனக்கு அந்த மூலை தெரியும். அந்த நிற்பும் தெரியும். மலையில் அடுக்களை ஜன்னலோரம் நான் அப்படித்தான் நின்றேன்.

"அது ஒண்ணும் திங்க மாட்டேங்கறதுடீ" என்று மன்னி முற்றத்திலிருந்து சொன்னாள்.

"ஒத்தையா இருந்தாத் திங்காது. ஆத்துல போய் இன்னும் நாலு பிடிச்சுண்டு வந்து விடுங்கோ."

"நானா? மீன் பிடிக்கறதா?"

அது அவளால் ஆகாது. ஆனால் மறுநாள் ஒரு காரியம் செய்தாள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முறத்தில் அரிசியைப் போட்டு எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வழக்கமாக அடுக்களை வாசலில்தான் கல் பொறுக்குவாள். மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தாள். இடையிடையே மீனைப் பார்த்து, "சாப்பிடு, கொஞ்சமாவது சாப்பிடு" என்றாள். நெய் விட்டுப் பிசைந்த பருக்கைகூடப் போட்டுப் பார்த்தாள். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அதற்குத் துணை அதன் கூட்டம்தான். அது அசையவே இல்லை.

நாலாம் நாள் காலையில் ஆற்றில் முழுகி எழுந்ததும் ஈரப்புடவையோடு, துவட்டக் கொண்டுபோன தோர்த்துமுண்டுத் துணியை ஜலத்துக்குள் விரித்துப் பிடித்தேன். மேலே இரண்டு பருக்கை. கூட்டம் வந்ததும் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கினேன். ஆற்று ஜலமும் மணலும் பாசியுமாகத் தொட்டியை மறுபடி நிறைத்தேன். புதுக்கூட்டத்தை விட்டதும் அந்த ஒற்றை மீன் சற்று நேரம் மூலையிலேயே நின்றது. பிறகு கூட்டம் அந்தப் பக்கமாகத் திரும்பியபோது அதுவும் திரும்பியது. வெளுத்த உடம்பு மட்டும்தான் அதை அடையாளம் காட்டியது.

மத்தியானம் மன்னிதான் என்னைக் கூப்பிட்டாள். "வந்து பாரேன், எல்லாத்துக்கும் கோடு கறுத்துடுத்து. வெளுத்தது ஒண்ணுகூட இல்லை" என்றாள். குரலில் அழுகை இருந்தது. நான் அவளை மன்னித்தேனா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை. இன்னும் சில மாதங்கள் கழித்து மன்னித்தேன். அது எப்போது என்று சொல்கிறேன்.

ஒருநாள் காலையில் அவர் வந்தார். என்னை அழைத்துப் போக. வரப்போகிறார் என்று தெருவுக்கே தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியாது. கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். மன்னி காபி கொடுத்தாள். அண்ணாவிடம் மலையில் மழை எப்படி, துரை எப்படி என்றெல்லாம் பேசினார். பிறகு என் தொட்டியைப் பார்த்தார். கண்ணாடியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். மீன்கள் மறுபக்கம் ஓடின.

"இதுதானா அந்த மீன்?" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக் காலம்பற வண்டி சொல்லியிருக்கேன். கெளம்பிக்கோ" என்றார்.

"நான் வரலை."

அண்ணா விட்டத்தைப் பார்த்தான். அவருக்குக் கோபம் வரவில்லை, வராது. "இதை விட்டுட்டு வரணுமேன்னா? வேணும்னா ஒண்ணைக் குப்பியில போட்டு எடுத்துக்கோ. நான் வேண்டாங்கலை" என்றார். இதைவிடப் பெரிய மனசு யாருக்கு இருக்கும் என்கிற முகத்தோடு அண்ணாவைப் பார்த்தார்.

"இது ஒத்தையா இருக்காது" என்றேன்.

"செரி, ரெண்டு."

"ரெண்டும் போறாது. கூட்டமா இருக்கற ஜாதி இது."

"அத்தனையை எங்கே கொண்டுபோய் வெக்கறது? ஒண்ணு போறும். அதான் நீ பக்கத்துல இருந்து பாத்துக்கப்போறயே."

"அங்கே என்னை யார் பாத்துண்டா? காலம்பறலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் யாரோட பேசறது?"

"நான் இருக்கேனே" என்றார். அதை அவர் மனசார நம்பினார் என்பதுதான் வேடிக்கை.

"செரி, வரேன். அந்தப் பின்வேலியைத் திறந்து விடறேளா? அந்தப் பொம்மனாட்டிகளோட நான் பேசலாமா?"

இதைக் கேட்கும்போது எனக்கு ஆசை இருந்தது. மறைக்கவில்லை. அவர் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன். போய்த்தான் இருப்பேன். அவர் அண்ணா பக்கம் திரும்பி, "கேட்டேளா? எனக்கு ஆபீஸில ஒரு மரியாதை வேண்டாமா? அதெல்லாம் நடக்காது" என்றார்.

அப்போது அடுக்களை நிலைப்படியிலிருந்து மன்னி பேசினாள். எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு நேராக மன்னி பேசுகிற வழக்கம் இல்லை. அதனால் நிலைக்காலைப் பார்த்துக்கொண்டு, அண்ணாவிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஏன்னா, அவர்கிட்ட சொல்லுங்கோ. ஒத்தையாக் கொண்டுபோனா அது செத்துப்போயிடும். நான் கண்ணால பாத்தேனாக்கும். பக்கத்துலயே உக்காந்துண்டு பாத்தேன். நாம துணைக்கு இருந்தாலும் அது திங்காது, வெளுத்துப்போயிடும். எல்லாம் சேர்ந்து இருந்தாத்தான் அதுக்கு உசிர்."

மன்னியை நான் மன்னித்தது அந்த இடத்தில்தான்.

அவருக்கு இது சிரிப்பாக இருந்தது. "ஒரு மீனுக்கு இத்தனை பஞ்சாயத்தா? செத்தாச் செத்துட்டுப் போறது. வேற ஒண்ணு பிடிச்சுண்டாப் போச்சு" என்றார்.

 ஊஞ்சலை ஒரு உந்து உந்திக்கொண்டார். சொன்னவருக்கு அது மீனைப் பற்றின பேச்சு. மன்னி தலையைத் தூக்கி முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். அண்ணாவும் பார்த்தான்.

"அப்படியே பண்ணுங்கோ" என்றேன். "என் விஷயத்துலயும் அப்படியே பண்ணுங்கோ. வேற ஒருத்தியைப் பாத்துக் கல்யாணம் பண்ணிக்கோங்கோ. நான் வரலை. நாளைக்கும் வரலை, என்னைக்கும் வரலை."

என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் பேசினேன். அவர் ஊஞ்சலை விட்டு எழுந்தார். அண்ணா ஏதாவது சொல்வான் என்று நின்றார். அண்ணா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவ இங்கேயே இருக்கட்டும். நீங்கோ சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றான். என் அண்ணா வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அவர் சாப்பிடாமல் போய்விட்டார்.

அப்புறம் தெரு என்னை வாயில் போட்டு மென்றது. மீனுக்காகப் புருஷனைத் தலைமுழுகினவள் என்று பேர். சிலர் வீட்டு விசேஷங்களுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. அவர் போன அடுத்த நாளே நான் தொட்டியைக் கூடத்திலிருந்து தூக்கித் தெரு ஜன்னலுக்கு மாற்றினேன். ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் மன்னி பிடித்தாள். கோயிலுக்குப் போகிறவர்கள் போகும்போதும் பார்க்கட்டும், வரும்போதும் பார்க்கட்டும். முதல் சில நாட்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டு மாமி இப்போதும் திருப்பிக்கொண்டுதான் போகிறாள், ஆனால் ஜன்னலைத் தாண்டும்போது நடை மெதுவாகிறது.

அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பெண் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று எனக்குப் பொறாமை வரவில்லை, துக்கமும் வரவில்லை. அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டேன். வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொள் என்று நான்தானே சொன்னேன்? நான் விட்டு வந்த மூலையில் அவள் போய் நிற்பாளே என்று பல நாள் தூக்கம் கெட்டது.

சில வருஷங்கள் போயின. அந்த எஸ்டேட்டில் சமையலுக்கு இருந்த ஒரு மாமா, தேர்த் திருவிழாவுக்கு எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். அவரை வழிமறித்தேன். அவர் என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அந்தாத்துப் பின்வேலி இன்னும் முள்ளுப் போட்டு அடைச்சிருக்கா?"

"வேலியா? இல்லையே, அங்கே இப்போ ஒரு மூங்கில் கதவு இருக்கே" என்றார். "மத்தியானமானா லயத்துப் பொம்மனாட்டிகள் வந்துடுவா. ஒரே சிரிப்பும் கும்மாளமுமா இருக்கும். அந்தப் பொண்ணு வந்த மாசமே சண்டை போட்டு வெக்கச் சொல்லித்தாம்."

"அவர் கேட்டுண்டுட்டாரா?"

மாமா தயங்கினார். சொல்லலாமா என்று யோசித்தார். பிறகு சொன்னார்.

"கேட்டுக்காம என்ன பண்ணுவார்? 'கதவு வெக்கலைன்னா மூத்தவ போன மாதிரி நானும் போயிடுவேன்'னு சொல்லித்தாம்."

நான் வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எனக்கு வைத்திருக்கக் கூடாதா அந்தக் கதவை என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே மூச்சில் சிரிப்பும் வந்தது. முகமறியாத ஒருத்தி என் பேரைச் சொல்லி மிரட்டி ஒரு கதவை வாங்கியிருக்கிறாள். கண்ணில் ஜலம் வழிய நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து மன்னி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேர் அடுத்த தெருவில் திரும்புகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஜலம் பழசாயிருக்கே" என்றாள் மன்னி. "கொஞ்சமா மாத்தட்டுமா?"

"தொடாதீங்கோ" என்றேன்.